சங்கிலியா, கேட்டா, கத்தியா, தோப்பா: ஓடிப்போய்ச் சண்டையிடும் நாயை என்ன செய்வது?

எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. கோம்பை நாய். உத்தமபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கோம்பை ஊருக்கே போய், தாய் நாயையும் பார்த்துவிட்டுத் தூக்கி வந்த குட்டி. உடம்பு செம்மண் நிறம். மூஞ்சி மட்டும் கரிச்சட்டியில் முக்கி எடுத்தது போல் இருக்கும். மனிதர்களிடம் குழைந்துவிடும். பேரன் காதைப் பிடித்து இழுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். இன்னொரு நாயைக் கண்டால்தான் அது வேறு பிறவி. இரண்டு வயது ஆனதிலிருந்து, கேட் ஒரு சாண் திறந்தால் போதும், வெளியே பாய்ந்து தெருமுனை டீக்கடை நாயைத் தேடிப் போய்க் கடித்துவிட்டு வருவதே அதற்கு வேலையாக இருந்தது.

போன ஆவணியில் ஒருநாள் காலை ஆறே காலுக்குப் பால்காரர் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் கால்சந்தில் நுழைந்து செவலை போய்விட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் டீக்கடை நாய் கருப்பனின் தோள்பட்டையைக் கவ்வி உலுக்கிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என் மணிக்கட்டைக் கவ்வியது. யாரைக் கடிக்கிறோம் என்று அந்த நேரத்தில் அதற்குத் தெரிந்திருக்காது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி, ரேபிஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டு, கைகளில் தடுப்பூசியும் போட்டார்கள்; பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் மறுபடியும் ஊசி.

கருப்பனை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். வெளியே பார்த்தால் மிளகு அளவில் இரண்டு ஓட்டைகள், அவ்வளவுதான். மருத்துவர் முடியை மழித்துவிட்டுத் தோலைக் கிள்ளித் தூக்கிக் காட்டினார். தொளதொளத்த சட்டை போல அது தனியாக நகர்ந்தது. உள்ளே விரல் நீளத்துக்குச் சதை கிழிந்து பை மாதிரி இருந்தது. நாய்க்கடி பெரும்பாலும் அப்படித்தானாம். பல் இறங்கிய ஓட்டை சிறிது. கவ்விக்கொண்டு உலுக்கும்போது தோலுக்கு அடியில் கிழிவதுதான் பெரிது. மேலே தைத்து மூடினால் உள்ளே சீழ் கட்டும். அப்படியே விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். சீழ் வடிய ரப்பர் குழாய் வைத்துத் தைத்து, தேறி எழ மூன்று வாரம் ஆயிற்று. செலவு முழுவதும் என்னுடையது. அதில் வாதாட எனக்கு வாயில்லை.

அந்த மூன்று வாரமும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சங்கிலியில் கட்டு என்றார் பக்கத்து வீட்டு மாமா. காயடித்துவிடு என்றான் தம்பி. தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்றது மதினி. துணைக்கு ஒரு பெட்டை வாங்கிவிடச் சொன்னவரும் உண்டு. ஒரு நாயைச் சமாளிக்க முடியாதவனுக்கு இரண்டு நாய் என்பது என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொன்றையும் விசாரித்தேன், சிலவற்றைச் செய்தும் பார்த்தேன். எதற்கு எவ்வளவு பலன் என்பதை, இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காலண்டர்

எதையும் முடிவு செய்வதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் செவலை வெளியே போன ஒவ்வொரு தடவையையும், வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக் கேட்டுத் தினசரி காலண்டரின் தாள்களில் குறித்தேன். மொத்தம் பதினொன்று. அதில் எட்டு தடவை முன் கேட் வழியாக: பால்காரர், தண்ணீர் கேன் போடும் பையன், சிலிண்டர்காரர், டியூஷன் விட்டு வரும் பேரன். இரண்டு தடவை பின்பக்கச் சுவர் ஏறி. ஒரு தடவை நடைக்குக் கூட்டிப்போன இடத்தில் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு.

பின்பக்கச் சுவர் ஐந்தடி. ஐந்தடியை அது எப்படித் தாண்டுகிறது என்று ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்தேன். துணி துவைக்கும் கல் சுவரை ஒட்டிக் கிடந்தது. அதன்மேல் ஏறி, அங்கிருந்து சுவர் விளிம்பு, அங்கிருந்து சந்து. மூன்றே எட்டு. நாங்களே படிக்கட்டு போட்டுக் கொடுத்திருக்கிறோம். கல்லை நகர்த்த இரண்டு ஆட்களுக்கு அரை மணி நேரம் ஆனது. சுவர் ஏறுவது அன்றோடு நின்றது.

இந்தக் காலண்டர்தான் என் பார்வையை மாற்றியது. அதுவரை ‘சண்டைக்கார நாய்’ என்று ஒரே நோயாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இரண்டு. மற்ற நாய்களைக் கண்டால் வெறிகொள்வது செவலையின் சுபாவம். அதை மாற்ற மாதங்கள் ஆகும், முழுக்க மாறுமா என்பதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். வெளியே ஓடுவது எங்கள் வீட்டின் ஓட்டை. கொத்தனாரும் வெல்டரும் ஒரு வாரத்தில் அடைத்துவிடுவார்கள். எந்த வழியை யார் சொன்னாலும், இது இரண்டில் எதற்கு மருந்து என்றுதான் பிறகு கேட்டேன்.

சங்கிலி

உடனடி, மலிவு, எல்லோருக்கும் தெரிந்தது. கருப்பன் கடிபட்ட மறுநாளிலிருந்து பத்து நாள் செவலையை வேப்பமரத்தில் கட்டிவைத்தேன். ஓடுவது நின்றது, உண்மைதான். ஆனால் நான்காம் நாளிலிருந்து கேட்டுக்கு வெளியே எந்த நாய் போனாலும், ஏன், சைக்கிள் போனாலும்கூட, சங்கிலி விறைக்கும்வரை பாய்ந்து, கழுத்து இறுகித் தொண்டை கரகரக்கக் குரைக்க ஆரம்பித்தது. அதன் கணக்கில், எதிரே நாய் வந்தால் தன் கழுத்தில் வலிக்கிறது. பாதிப் பகை அங்கே வளர்கிறது. பத்தாம் நாள் மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் தேய்ந்து மண் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவிழ்த்துவிட்டேன். சங்கிலியில் கிடந்த நாய் அறுத்துக்கொண்டு போகும் நாளில்தான் பெரிய கடி நடக்கும் என்று மருத்துவரும் சொன்னார்.

சட்டமும் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் விலங்கைக் கட்டிவைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் வதை என்கிறது. முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்பது வேறு கதை. 1960இல் அது பணமாக இருந்திருக்கும்.

ஆகவே சங்கிலி, சிலிண்டர்காரர் வந்து போகும் பத்து நிமிடத்துக்கு. வழியாக அதை எண்ணாதீர்கள்.

கேட்டும் சுவரும்

எட்டு தடவை கேட் வழியாகப் போன நாய்க்குக் கேட்தான் வைத்தியம். வெல்டிங் பட்டறைக்காரரிடம் பேசி, முன் கேட்டுக்கு உள்ளே ஐந்தடி தள்ளி, இடுப்புக்கு மேல் உயரத்தில் இன்னொரு சின்னக் கம்பிக் கதவு போட்டோம். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும் என்பது விதி. விதியை வீட்டில் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், உள்கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் வைத்தோம். கொண்டியை வெளிப்பக்கம் வைத்து, பேரனின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைத்தோம். எட்டாமல் வைத்தால் அவன் திறந்தே போட்டுவிட்டுப் போவான். கேட்டுக்கு அடியில் இருந்த சந்தில் சிமெண்டுத் திட்டு. பால்காரருக்கும் தண்ணீர் கேனுக்கும் வெளிக்கேட்டுக்கும் உள்கதவுக்கும் நடுவில் ஒரு மேடை. அதைத் தாண்டி அவர்கள் வர வேண்டிய தேவையே இல்லை. எல்லாம் சேர்த்து எனக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் ஆயிற்று. கருப்பனின் வைத்தியத்தோடு ஒப்பிட்டால் மூன்று சண்டையின் விலை.

சுவர் ஏறும் நாய் வைத்திருப்பவர்களுக்கு: உயரத்தைக் கூட்டுவதைவிட, சுவரின் உச்சியில் உள்பக்கமாகச் சாய்த்து ஒன்றரை அடிக்குக் கம்பிவலை கட்டுவது நல்லது. தலைக்கு மேல் கூரை போல வந்து மறிப்பதால் தாவினாலும் பிடிகிடைக்காது. சிலர் சுவர் உச்சியில் கம்பியை நீட்டி அதில் பிவிசி குழாயைக் கோத்து விடுகிறார்கள். முன்னங்கால் வைத்ததும் குழாய் உருண்டு நாயைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். கண்ணாடிச் சில்லு பதிப்பது மட்டும் வேண்டாம். வெறியில் இருக்கும் நாய் அதன்மேலும் ஏறும். வயிறு கிழிந்து வரும்.

இணையத்தில் விற்கும் ஷாக் கழுத்துப்பட்டை பற்றியும் கேட்டார்கள். எல்லையைத் தாண்டினால் மின்சாரம் குத்துமாம். எதிரே நாயைக் கண்ட நொடியில் செவலை அந்தக் குத்தையும் வாங்கிக்கொண்டு பாய்ந்துவிடும். வெறி அடங்கித் திரும்பும்போதுதான் எல்லையில் வலிக்கும் என்று பயந்து வெளியிலேயே நிற்கும். வலியையும் அந்த நாயையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. வாங்கவில்லை.

கத்தி

கருத்தடை அறுவைச் சிகிச்சையைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு அது சர்வரோக நிவாரணி. இன்னொரு கட்சிக்கு, குறிப்பாக எங்கள் பக்கத்து நாட்டு நாய்ப் பிரியர்களுக்கு, அது இனத்துக்கே இழைக்கும் துரோகம். தம்பிக்கும் மாமாவுக்கும் இது விஷயமாக ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

நான் நம்புவது இரண்டுக்கும் நடுவில். 1976இல் அமெரிக்காவில் வளர்ந்த ஆண் நாய்களைக் காயடித்து, பிறகு அவற்றின் நடத்தையைக் கேட்டறிந்த ஓர் ஆய்வு உண்டு. ஊர் சுற்றுவது ஏறக்குறையப் பத்துக்கு ஒன்பது நாய்களிடம் குறைந்தது. மற்ற ஆண் நாய்களோடு சண்டையிடுவது பத்துக்கு ஆறு நாய்களிடம். நாற்பது சொச்சம் நாய்களை வைத்துச் சொன்னது, ஆகவே எண்ணைத் தங்கத்தட்டில் வைக்க வேண்டாம். ஆனால் திசை சரியானது. ஓடுவதற்கு நல்ல மருந்து, சண்டைக்கு அரை மருந்து. ஐப்பசி, கார்த்திகையில் தெருப் பெட்டைகள் பருவத்துக்கு வரும்போது ஆண் நாய்கள் சோற்றை மறந்து சுவரைப் பிறாண்டுவதைப் பார்த்தவர்களுக்கு முதல் பாதி ஆச்சரியமாக இருக்காது.

பலன் இல்லாத இடமும் உண்டு. பயத்தால் கடிக்கும் நாய்க்கு விதையை எடுப்பதால் பயம் போய்விடாது. சிலவற்றுக்குக் கூடவும் செய்யலாம். உங்கள் நாய் வாலை இடுக்கிக்கொண்டு, பின்வாங்கிக்கொண்டே கடிக்கிறதா, நெஞ்சை நிமிர்த்தி வாலைத் தூக்கிக்கொண்டு போய்க் கடிக்கிறதா என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். செவலை இரண்டாவது வகை. கடிக்கும் நாய் பெட்டையாக இருந்தால் கணக்கே வேறு. அதற்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

சிகிச்சை முடிந்து ஒரே வாரத்தில் சாது ஆகிவிடும் என்றும் காத்திருக்காதீர்கள். ஹார்மோன் சீக்கிரம் வடிந்துவிடும், பழக்கம் வடியாது. செவலையிடம் மாற்றம் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. எதிர்பாராத லாபம் ஒன்று: சிறுநீர் அடித்து எல்லை குறிப்பது பாதியாகக் குறைந்தது, அதனால் நடைக்கே அரை மணி நேரம் மிச்சம். தெருவில் இணை சேர்வதால் பரவும் குறிக்கட்டி நோய் பற்றிய கவலையும் போயிற்று.

பழக்குவது, வாய்க்கூடு

கேட் நாயை உள்ளே வைக்கும்; ஆனால் நாயை நாள் முழுதும் உள்ளேயே வைக்க முடியாது. வேட்டைக்காக வளர்த்த இனம், நடக்காவிட்டால் வீட்டைத் தின்னும். வெளியே போனால் எதிரே நாய் வரும். இங்கேதான் பழக்குவது வருகிறது, இதில்தான் நான் மிகத் தாமதமாகத் தெளிந்தேன்.

பாய்ந்த பிறகு அதட்டுவதில் பயனில்லை. பாய்வதற்கு முன் செவலை ஒரு காரியம் செய்யும்: வாயை மூடிவிடும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கும் நாய், எதிரே நாயைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடும். காது முன்னால் போகும், வால் விறைக்கும். அதற்குப் பிறகு அதன் காதில் எதுவும் விழாது. வாய் மூடுவதற்கு முன்னால் உள்ள தூரத்தில்தான் பாடம். ஆரம்பத்தில் அது நாற்பது தப்படி. அந்தத் தூரத்தில் வேறு நாய் தெரிந்ததும், வேகவைத்த கோழி ஈரல் துண்டு ஒன்றைக் கொடுப்பேன். நாய் மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். வேறு கட்டளை எதுவும் கிடையாது. ஐந்து மாதத்தில் நாற்பது தப்படி பதினைந்தாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை, இறங்கும் என்றும் தோன்றவில்லை. பதினைந்து தப்படி போதும். எங்கள் தெருவின் ஒரு ஓரத்தில் நின்றால் மறு ஓரத்தில் இன்னொரு நாய் போகலாம்.

வாய்க்கூடு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். களத்தில் பிணையல் மாட்டுக்குக் கட்டுவது போன்ற கூடை வகைதான் வேண்டும். உள்ளே வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை மருத்துவரின் மேசையில் இரண்டு நிமிடத்துக்கு மட்டும். நாய் தன் சூட்டை வெளியேற்றுவது வாயால்தான். சித்திரை வெயிலில் அதைக் கட்டி நடத்தினால் சுருண்டு விழுந்துவிடும். கூடையைத் திடீரென்று மாட்டாமல், அதற்குள் ஈரலை வைத்து அதுவே மூக்கை நுழைக்கப் பழக்க இரண்டு வாரம் கொடுங்கள். வாய்க்கூடு போட்ட நாயை ஒருபோதும் அவிழ்த்தும் விடாதீர்கள். தெருநாய்கள் நான்கு சூழ்ந்துகொண்டால் அதனால் தற்காத்துக்கொள்ள முடியாது.

அப்படியும் சண்டை மூண்டுவிட்டால் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். என் மணிக்கட்டுத் தழும்பு சாட்சி. வாளித் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றலாம், நனைந்த சாக்கை இரண்டின் தலைமேலும் போடலாம். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தூக்கி, தள்ளுவண்டியைப் போலப் பின்னால் இழுக்கலாம். இழுத்ததும் விட்டுவிடக் கூடாது, திரும்பவும் பாயும். உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போட்டிருந்தாலும், தெருநாயிடம் கடிபட்டால் மறுபடி மருத்துவரிடம் காட்டி ஊசி போட வேண்டும்.

தோப்பு

மதினி சொன்ன யோசனையைப் பலரும் கருணை என்றே நினைக்கிறார்கள். ‘விசாலமான இடம், ஜாலியாக இருக்கும்.’ கம்பம் பக்கம் தெரிந்தவரின் தோப்புக்குப் போய்ப் பார்த்தேன். இருந்த இரண்டு நாய்களும் பகல் முழுதும் மோட்டார் கொட்டகையில் சங்கிலியில் கிடந்தன. இரவில் அவிழ்த்துவிடுகிறார்கள். வேலி என்று ஒன்று இல்லை. அங்கே செவலையை விட்டால் முதல் இரவே மூன்று நாய்க்கும் இரத்தம். அவை தப்பினால் பக்கத்துத் தோப்பு ஆடுகள்.

இதற்காகத் தோப்பே தவறு என்று சொல்லவில்லை. வேறு நாய் இல்லாத, வேலி உள்ள, நாயை விரும்பி வாங்குகிற வீடு கிடைத்தால், இது என் வழிகளைவிடவும் மேலானதாக இருக்கலாம். ஆனால் நாய் யாரை எப்படிக் கடித்தது என்பதை மறைக்காமல் சொல்லிக் கொடுக்க வேண்டும். சாக்கில் கட்டி உழவர் சந்தைப் பக்கம் இரவோடு இரவாக விட்டுவிட்டு வருவதற்குச் சிலர் ‘தோப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அதே 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த நாய் அங்கேயும் சண்டையிடும், அங்கே அதற்குக் குழாய் வைத்துத் தைக்க ஆள் இருக்காது.

ஊசி போட்டு முடித்துவிடுவது பற்றியும் ஒருவர் மெதுவாகக் கேட்டார். நாய்களை மட்டும் கடிக்கும், அடைத்து வைக்க முடிகிற, மூன்று வயது நாய்க்கு அந்தக் கேள்வியே எழக் கூடாது என்று நினைக்கிறேன். குழந்தைகள் பக்கம் திரும்பிவிட்ட, எந்தக் கதவும் நிறுத்தாத நாயைப் பற்றி மருத்துவரோடு உட்கார்ந்து பேசுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மனிதருக்கு ஆபத்து என்று தெரிந்தும் விலங்கைக் கட்டுக்குள் வைக்காமல் அலட்சியமாக இருந்தால், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சண்டையை விலக்கப் போகும் தெருக்காரர் கடிபட்டால் அது நாய்ச் சண்டையாக மட்டும் இருக்காது.

நான் எடுத்த முடிவு: முதலில் துவைகல்லும் கேட்டும், அடுத்த மாதம் கருத்தடை, அதிலிருந்து தினமும் ஈரலும் வாய்க்கூடும். கையில் பணம் குறைவாக இருந்து ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கேட்டைச் செய்வேன். கருத்தடையை முதலில் செய்துவிட்டுக் கேட்டைத் திறந்து வைத்திருந்த வீடுகள் இரண்டை எனக்குத் தெரியும். இரண்டிலும் நாய் இன்னும் தெருவில் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது, சற்று நிதானமாக. கேட் போட்டு ஏழு மாதம் ஆகிறது. காலண்டரில் இதுவரை ஒரே ஒரு குறிப்பு: கொத்தனார் உள்கதவின் ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருந்த அன்று. கருப்பன் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்திருக்கிறது. செவலை நடைக்குப் போகும்போது எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டு, நாங்கள் கடந்ததும் திரும்பி வந்து படுக்கிறது.

வைகாசியில் மகள் கல்யாணம். மூன்று நாள் பந்தல், கேட் மூடவே போவதில்லை. செவலையைத் தம்பி வீட்டில் விடலாம் என்று நேற்று போய் அவன் காம்பவுண்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் நல்ல உயரம். கேட்டுக்கு அடியில்தான் முக்கால் அடி சந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெல்டரைக் கூட்டிப் போகிறேன்.